வெளிச்சத்தில் வைத்த சிவப்புப் படிகம்

பிரியாவிடை உரை கேட்கக் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆய்வகத் தலைவர் அவர்களே, அறிவால் மூத்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பெற்ற பிள்ளைகளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்துவிட்டுச் சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, இன்றோடு இந்தக் கட்டடத்தை விட்டுப் போகிற ஆராய்ச்சியாளர் அம்மா அவர்களே, வணக்கம்.

கண்ணாடிக் குழாயும் ரசாயனமும் விற்கிறவனுக்கு மேடையில் என்ன வேலை? வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். நான் வாழ்த்த வரவில்லை. ஒரு வழக்கைச் சொல்ல வந்தேன். அதில் குற்றவாளி நான்.

இந்த அம்மா ஏழு ஆண்டுகள் எதைத் தேடினார்கள்? நைட்ராக்சில். ஒரு ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்; மூன்றே அணு. தளர்ந்த இதயத்தின் துடிப்புக்கு அது வலுவூட்டும் என்று விலங்குகளிடம் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் பாட்டிலில் அடைத்து விற்க வேண்டியதுதானே? வியாபாரி புத்தி, கேட்டுவிட்டேன்.

"அடைச்சு வைக்க முடியாதுண்ணே. ரெண்டு நைட்ராக்சில் சந்திச்சா ஒண்ணையொண்ணு தீர்த்துக்கும். மிஞ்சுறது சிரிப்பூட்டும் வாயுவும் தண்ணியும்தான்."

"பங்காளிங்கன்னு சொல்லுங்க!" என்றேன். சிரித்தார்கள். அன்று சிரித்தார்கள்.

அடைக்க முடியாததை யார் சுமப்பது? உலோகம் சுமக்கும். இரும்பு, அந்த ஹைட்ரஜன் மட்டும் இல்லாத நைட்ரிக் ஆக்சைடைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். அந்தப் பிணைப்புக்கு ஓர் எலக்ட்ரானும் ஒரு புரோட்டானும் கொடுத்தால், இரும்பின் மடியிலேயே அது நைட்ராக்சிலாக மாறி, வேண்டிய இடத்தில் இறங்கும். அப்படி இறக்கிவிடும் சிவப்புப் படிகம் ஒன்றை அம்மா ஆக்கினார்கள். எட்டு முறை சோதித்தார்கள். எட்டு முறையும் நைட்ராக்சில் வந்தது. கட்டுரை அச்சேறியது. வெளியூர் ஆய்வகம் ஒன்று, "நாங்களும் சோதிக்கிறோம், அனுப்புங்கள்" என்றது. அனுப்பும் பொறுப்பு என் கடைக்கு வந்தது.

"காத்து தாங்கும்ணே, வெளிச்சம் தாங்காது" என்று சொல்லிப் பழுப்புப் பாட்டிலில்தான் கொடுத்தார்கள். நான் என்ன செய்தேன்? தெளிந்த கண்ணாடிக் குப்பிகளுக்கு மாற்றினேன். பொட்டலம் கட்டும் அக்கா தடுத்தார்.

"மொதலாளி, அந்தம்மா பழுப்பு பாட்டில்லதானே குடுத்தாங்க?"

"இவ்ளோ அழகான சரக்கை இருட்டுல போட்டு அனுப்பினா, வாங்குறவங்களுக்கு மதிப்பு எப்படிக்கா தெரியும்?"

"அப்படியே பவுடரும் பூசி ஜன்னல்ல உக்கார வைங்க!"

உட்கார வைத்தேன், ஐயா! ரசாயனம் அனுப்ப அனுமதிக் காகிதம் வந்து சேரப் பதினோரு நாள். பதினோரு நாளும் என் கடை ஜன்னலில், பளபளவென்று, போவோர் வருவோர் பார்க்க!

வெளிச்சம் அந்தப் பிணைப்பை அறுத்தது. அங்கே திறந்தவர்களுக்குக் கிடைத்தது வெறும் நைட்ரிக் ஆக்சைடு. நைட்ராக்சில் இல்லை என்று எழுதினார்கள். காணாததைக் கண்டதாகச் சொன்னார் என்று ஊர் பேசியது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அம்மாவின் ஆய்வறை பூட்டப்பட்டது.

அம்மா என் கடைக்கே வந்து கேட்டார்கள்: "அண்ணே, நான் குடுத்தபடியேதானே அனுப்புனீங்க?"

தராசில் ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லையே என்று நினைத்து, "அப்படியேதாம்மா" என்றேன். எடை சரியாக இருந்தால் சரக்கு சரி. முப்பது ஆண்டு என் தொழில் அந்த ஒரே பாடத்தில் நடந்தது.

போன வாரம் அக்கா, ஜன்னலில் இருந்தவற்றில் அனுப்பியது போக அலமாரியில் மிஞ்சிக் கிடந்த குப்பியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "சிவப்பு எங்க போச்சு மொதலாளி?" உள்ளே கலங்கலான பழுப்புத் தூள்.

பின்வரிசையில் யாரோ, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்கிறீர்கள். நியாயம். போன வாரம்தான் தெரியும் என்பது பாதிப் பதில். அந்த ஒரு வாரமும் பயந்துகொண்டிருந்தேன் என்பது மீதிப் பதில்.

அம்மா, எழுந்திருக்க வேண்டாம். உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. உங்கள் கருவிகள் வேறு அறைக்குப் போய்விட்டன. உடன் உழைத்த இரண்டு பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதையெல்லாம் நான் எந்தக் கடையில் வாங்கித் தருவேன்?

தலைவர் அவர்களே, நேரமாயிற்று என்று சீட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நானும் ஒரு தாள் தருகிறேன். குப்பி மாற்றிய நாள், ஜன்னலில் இருந்த நாட்கள், என் கையெழுத்து, எல்லாம் அதில் உண்டு. கட்டுரை வெளியிட்ட பத்திரிகைக்கு அனுப்புங்கள், அந்த வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்த அம்மாவுக்கு ஒரு மேசை கொடுங்கள். மறுபடி ஆக்கட்டும், மறுபடி சோதியுங்கள்.

அந்தப் படிகம் மருந்தாகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆகாமலும் போகலாம். தோற்பதாக இருந்தால் அது தன் குறையால் தோற்கட்டும்! என் ஜன்னலால் தோற்கக் கூடாது!

என்னை ஏச நினைப்பவர்களுக்காக வாசலிலேயே நிற்கிறேன். ஏசாமல் இதுவரை கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. தலை நிமிராமல் சொல்கிறேன், வணக்கம்.