ஒரு டப்பா கிரீஸ்

நான் எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. ஸ்வீடனில் பழைய கார் வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் மேடம்; இந்தச் சிக்ஸ்டன் கடையிலிருந்து ஒரு திருகாணிகூடப் பேரம் பேசாமல் வெளியே போனதில்லை. ஹில்டிங்குக்கு மட்டும் ஒரு டப்பா கிரீஸைச் சும்மா கொடுத்தேன்.

தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வு பெற்றவர் அவர். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமலே, இங்கெகெர்ட் கிழவியின் கொட்டகையில் கிடந்த அறுபத்திரண்டாம் வருடத்துக் காரை வாங்கிப் புதுப்பிக்கக் கிளம்பினார். அதற்காக நான் அந்தக் கிழவியிடம் ஒன்பது வருடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். காப்பியும் பன்னுமாக, ரசித்துப் பேசினேன். இவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டார்.

"அந்தம்மா கேட்டதைக் கொடுத்தேன். இதுல பேரம் என்னப்பா இருக்கு?" என்று என் கடையிலேயே நின்று சிரித்தார்.

வியாழன்தோறும் வருவார். நான் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். மார்ச்சில் பிரேக் வேலை தொடங்கியது.

"பிரேக் ரப்பருக்கு இந்த கிரீஸைத் தடவலாமா, சிக்ஸ்டன்?"

சாதாரண கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் சில வாரங்களில் ஊதிக் கெட்டுப்போகும். இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான்.

"தாராளமாத் தடவு. காசு வேணாம், எடுத்துட்டுப் போ."

"அடேயப்பா! நீ சும்மா தர்றியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஐம்பது வயது தாண்டிய காருக்கு இங்கே அரசுப் பரிசோதனை கிடையாது. வேறு யாரும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கப்போவதில்லை.

எங்கள் பழைய கார் சங்கத்தில், மே மாத முதல் ஊர்வலத்தில் புது உறுப்பினரின் வண்டிதான் முன்னால் போகும். மலைச் சரிவில் இறங்கி, ஏரியின் படகுத்துறையில் போய் நிற்கும். ஹில்டிங் தனியாக ஓட்டினார். அவருக்குப் பின்னால் நான். பாதிச் சரிவில் அவர் விடாமல் ஹாரன் அடித்தார். குஷி என்று நினைத்துப் பின்னால் வந்த எல்லோரும் பதிலுக்கு அடித்தார்கள். நானும் அடித்தேன்.

கார்களை ஏற்றிப்போகும் படகு அப்போது எதிர்க்கரையில் இருந்தது. துறையில் ஏரி ஒன்பது மீட்டர் ஆழம்.

வயதானவர், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருப்பார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜூனில் அவர் மனைவி சிக்னே என்னைக் கூப்பிட்டாள். "காரைச் சும்மாவே எடுத்துட்டுப் போங்க. அது என் கண்ணுல படக் கூடாது." எனக்கு அப்படி வாங்கிப் பழக்கமில்லை. ஒரு விலை சொல்ல வைத்து, அதைப் பாதியாகக் குறைத்தேன்.

இப்போது அந்த நோட்டை அவளே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். 'சிக்ஸ்டன் சொன்னது: தாராளமாகத் தடவு.' ஆமாம், நான் சொன்னதுதான். அவர் கேட்டார், சொன்னேன். என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை.

கார் இப்போது அருமையாக ஓடுகிறது. கொண்டுவந்த அன்றே நாலு சக்கரத்தையும் கழற்றி, ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டுவிட்டேன். பிரேக் விஷயத்தில் நான் விளையாடுவதில்லை.