கலங்கல் மருந்து

இல்ல, மொதல்ல அந்த பாட்டில என் கையில குடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, தடவிப் பாக்காம நான் எதையும் கண்ணுல விட விடமாட்டேன். ம், இதேதான், கழுத்துல நூல் கட்டிருக்கு. நாந்தான் கட்டச் சொன்னேன். எவனாவது மாத்தி வெச்சிட்டுப் போனா எனக்கு எப்பிடித் தெரியும்? சிரிக்கிறீங்களா? சிரிங்க சிரிங்க. எனக்கு உருப்படியா இருந்தது இந்த ஒரு கண்ணுதான் சார். இன்னொண்ணு பொறந்ததுலருந்தே சும்மா பேருக்கு, பகலா ராத்திரியான்னு தெரியும், அவ்வளவுதான். இப்ப இதுலயும் ஆளு மொகம் தெரியல, வெறும் நெழலாட்டம்தான். இது அடியோட போச்சுன்னா காலம் பூரா சோத்துத் தட்டு எங்கருக்குன்னு இன்னொருத்தர் சொல்லணும்.

இன்னும் மணி ஆவலையா? அப்ப உக்காருங்க. மணிக்கு ஒருக்கா ஊத்தணும்னா ஊத்துற நேரத்தவிட காத்திருக்கிற நேரந்தான் ஜாஸ்தி. நீங்க புதுசா வந்த வார்டு ஆளு, தொண்டையில புண்ணு, பேச முடியாதுன்னு என் வீட்டுக்காரி சொன்னா. பரவால்ல, உம் கொட்டுங்க, போதும். நான் பேசிக்கிட்டே இருப்பேன்.

யாரையும் நம்ப முடியல சார். பாருங்க, இங்க வந்த அன்னிக்கு டாக்டரம்மா மரப்பு மருந்து விட்டு, கருவிழிய லேசா சொரண்டி, கண்ணாடித் துண்டுல தேச்சு எடுத்துட்டுப் போனாங்க. மைக்ராஸ்கோப்புல பாத்தா நூல் நூலா இருக்காம். பூஞ்சக்காளானாம். ஏம்மா, காளான் ரொட்டியில வரும், செவுத்துல வரும், கண்ணுல வருமா? அடுத்த கட்டில்காரரோடத என்னுதுன்னு மாத்திட்டீங்களான்னு கேட்டுட்டேன். கோவப்படல அந்தம்மா. மரத்தூள், செடி, இலை ஏதாவது பட்டுச்சான்னு மட்டும் கேட்டாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. பட்டுச்சே!

மர நாற்காலி, மேசை செய்யிற பட்டறை எங்களுது. பழைய கதவுப் பலகை ஒண்ணு, ஈரத்துல கெடந்து பூசணம் புடிச்சது, அத ரம்ப மெஷின்ல விட்டேன். ஒரு சிராய் தெறிச்சு நேரா கண்ணுல. எடுத்துப் போட்டுட்டு வேலையப் பாத்தேன். மறுநாள் கண்ணு செக்கச் செவேல்னு ஆயிடுச்சு.

அப்பத்தான் வந்தான் என் மச்சான். வீட்டுக்காரியோட தம்பி, பட்டறையில எனக்குக் கூட்டாளி. அவங்கம்மா கண் ஆபரேஷனுக்கு வாங்குன சொட்டு மருந்து மிச்சம் இருந்துச்சாம். ஊத்துங்க மாமா, பட்டுனு செவப்பு எறங்கிடும்னான். எறங்குச்சு சார்! வலி போச்சு, செவப்பு போச்சு, நான் அவனத் தலையில தூக்கி வெச்சு ஆடாத கொறதான். அப்பறம் பாத்தா கருவிழியில வெள்ளையா ஒரு பொட்டு, அது நாளுக்கு நாள் பெருசாவுது. டாக்டரம்மா அந்த பாட்டிலப் பாத்துட்டு, இது ஸ்டீராய்டு, காளானுக்குச் சோறு போட்டு வளத்திருக்கீங்கன்னாங்க.

அன்னிக்கே சொல்லிட்டேன், அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு. ஏன்னா, அதுக்கு முந்தின மாசந்தான் எங்களுக்குள்ள சண்டை. எல்லாத்தையும் மெஷின்ல செஞ்சு தள்ளலாம்ங்கிறான், நான் முடியாதுங்கிறேன். இப்ப நான் குருடாயிட்டா பட்டறை யாருக்கு? சாவி யாருகிட்ட இருக்கு? யோசிச்சுப் பாருங்க. எனக்குத் தூக்கமே வரல. என் கண்ணுலயே வெரல விட்டு ஆட்டிட்டானேன்னு வயிறு எரியுது.

இருங்க, அவனோட அக்காக்காரி, என் வீட்டுக்காரி மட்டும் லேசுப்பட்டவளா? இங்க குடுத்தாங்களே இந்த மருந்து, பால் மாதிரி கலங்கலா இருக்குமாமே, நல்லா குலுக்கி ஊத்தணும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. இவ என்ன பண்ணிருக்கா தெரியுமா? ஐயோ கலங்கிக் கெடக்கே, கெட்டுப் போச்சு போலன்னு, பாட்டில அசைக்காம வெச்சுத் தெளிய விட்டு, மேல இருக்கிற தண்ணியா பாத்து ஊத்திருக்கா. மருந்து பூரா அடியில தூங்குது, என் கண்ணுல வெறும் தண்ணி! பொட்டு கொறையவே இல்ல. கருவிழியவே மாத்த வேண்டி வரும், செத்தவங்க யாரோட கண்ணாவது கெடைக்கணும்னு சொல்லிட்டாங்க. அப்பறந்தான் விஷயம் தெரிஞ்சு டாக்டரம்மா அவளப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்குனாங்க. ஒரே அழுகை. அவமேல எனக்குக் கோவமே வரல சார். என்ன செய்யிறது, நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணா.

அதுக்கப்பறந்தான் நீங்க வந்தீங்க. வந்ததுலருந்து கண்ணுல கூச்சம் கொறையுது. நேத்து திரும்பச் சொரண்டிப் பாத்தாங்க, காளான் நூலு ரொம்பக் கம்மியாம். ஆபரேஷன் இப்ப வேண்டாம், நாளைக்கு வீட்டுக்குப் போலாம், ஆனா மருந்து மாசக்கணக்குல விடாம ஊத்தணும்னாங்க.

ஆனா ஒரு விஷயந்தான் எனக்கு ஒதைக்குது. இங்க இருக்கிற மத்த ஆளுங்க ஊத்திட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடிடறாங்க. நீங்க மட்டும் எங்கயும் போறதில்ல. கன்னத்துல வழிஞ்சா தொடச்சு வேற விடறீங்க. எந்த ஆஸ்பத்திரியில சார் இப்பிடி ஆளு வெச்சிருக்காங்க?

காலையில எங்க பட்டறையில பாலிஷ் போடுறவரு என்னப் பாக்க வந்தாரு. பட்டறை எப்பிடிண்ணே ஓடுதுன்னு கேட்டேன். எங்க ஓடுது, நீங்க படுத்ததுலருந்து பூட்டித்தான் கெடக்கு, ஒங்க மச்சானை அந்தப் பக்கமே காணோம்னாரு. பட்டறைக்கு ஆசப்பட்டவன் பட்டறையத் தொறக்கவே இல்லியாமே? அப்ப பகல் பூரா எங்கதான் போறான்னு நானும் கட்டில்ல கெடந்து யோசிச்சேன்.

என்ன, மணி ஆயிடுச்சா? சரி, தலைய சாச்சுக்கறேன். நாளையிலருந்து ஒங்க அக்கா வேலைக்குப் போவணும்ங்கிறா, அதனால வீட்டுலயும் நீதான்டா வந்து ஊத்தணும். நான் ஒன்னக் கண்டுபுடிச்சிட்டேன்னு அவகிட்ட இப்பவே சொல்லாத, இன்னும் ரெண்டு நாள் நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுப் பயந்துக்கிட்டிருக்கட்டும். ஏய், என்னது இது, அழுவாதடா. அழுதுக்கிட்டே ஊத்துனா மருந்து கன்னத்துக்குத்தான் போவும். மூக்கத் தொடச்சுக்க. ம், கண்ணத் தொறந்துட்டேன் மாப்ளே, ஊத்து.