கல்லறைத் தோட்டத்துக் குழாய்

டாக்டர் சொன்னதை எல்லாரும் கேட்டீங்க. கண் தானம் நல்லதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும், இந்த அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட ஒரு கை நீளலை. ஏன்? சாவைப் பத்தி இப்பவே எழுதிக் கொடுத்தா அது சீக்கிரம் வந்துடுமோன்னு ஒரு... ஒரு உறுத்தல். அதைக் கிண்டல் பண்ண நான் வரலை. நடந்தது ஒண்ணு சொல்றேன், சின்னக் கதைதான், கேளுங்க.

என்கூட காலேஜ்ல படிச்ச பூங்கோதை, கல்யாணமாகி பிரான்சுக்குப் போனவங்க. புதுச்சேரியில அது ஒண்ணும் அதிசயம் இல்லையே, தெருவுக்கு ஒருத்தர் அங்க இருக்காங்க. வீட்டுக்காரர் பேரு கலியபெருமாள். போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வெச்சு, பிழைச்சு வந்தார். சைக்கிள் ஓட்டுங்க, ஆனா வண்டி போற ரோட்டுல வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

அங்க கிராமப்புறத்துல அதுக்குன்னே பாதைகள் இருக்கு. ஒரு காலத்துல சின்ன ரயில் ஓடின தடம். தண்டவாளத்தை எடுத்துட்டு, பொடி ஜல்லி போட்டுக் கெட்டிப்படுத்தி விட்டிருக்காங்க. ரோடு குறுக்கிடற இடத்துல எல்லாம் கட்டை போட்டிருக்கும், கார் நுழைய முடியாது. ரெண்டு பக்கமும் கோதுமை வயல், வெள்ளை மாடுங்க. டயருக்கு அடியில ஜல்லி நொறுங்கற சத்தம் மட்டும்தான் கேக்கும். நம்ம ஊர்ல ஹாரன் இல்லாத இடம் ஒண்ணு சொல்லுங்க, பார்ப்போம்?

ஆனா யோசிச்சுப் பாருங்க. வண்டியே வராத பாதைக்கு... கடை மட்டும் எப்படி வரும்?

நல்ல வெயில் நாள். கலியபெருமாள் ஆளுக்கு ஒரு சின்ன பாட்டில்தான் எடுத்து வெச்சார். போதுமான்னு பூங்கோதை கேட்டதுக்கு, ஊருக்கு ஊர் குழாய் இருக்கு, கூட வேலை பார்க்கற பிரெஞ்சுக்காரர் சொன்னாருன்னார். எந்தக் குழாய்னு மட்டும் சொல்லலை.

உச்சி வெயில்ல தண்ணி தீர்ந்துபோச்சு. ஒரு ஊர் வந்தது.

"எங்கங்க உங்க குழாய்?"

அவர் கையைக் காட்டினார். கல் மதில், இரும்பு கேட், உள்ள சிலுவை சிலுவையா...

"அது என்ன?"

"அது... வந்து... கல்லறைத் தோட்டம். செடிக்கு ஊத்த குழாய் போட்டிருக்காங்க. சைக்கிள்ல போறவங்க எல்லாம் அங்கதான் பிடிப்பாங்களாம். நல்ல தண்ணிதானாம்."

"தெரிஞ்சேதான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா, தலைக்கு ஊத்தாம நாம வீட்டுக்குள்ள போறோமா? பூங்கோதையும் அப்படி வளர்ந்தவங்கதான். சத்தம் போடலை. மெதுவா சொன்னாங்க.

"இப்பத்தான் உங்களை அந்த வாசல்லேர்ந்து இழுத்துட்டு வந்திருக்கேன். நீங்களே போய்க் கதவைத் தட்டுவீங்களா?"

அவரை மர நிழல்ல உட்கார வெச்சுட்டு ஊருக்குள்ள போனாங்க. அங்க மத்தியானம் எப்படி இருக்கும் தெரியுமா? வெயிலுக்கு ஜன்னல் பலகையெல்லாம் சாத்தி வெச்சிருப்பாங்க. ரொட்டிக் கடை பூட்டிக் கிடக்கு. ஒரு வீட்டைத் தட்டினாங்க... அடுத்த வீட்டைத் தட்டினாங்க... எங்கேயோ ஒரு நாய் குரைச்சுது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தா, அவர் கண்ணை மூடி மரத்துல சாய்ஞ்சிருக்கார். உதடு வெளுத்திருக்கு. கூப்பிட்டா, ம்...னு மட்டும் வருது.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

பூங்கோதை ரெண்டு பாட்டிலையும் எடுத்துக்கிட்டு அந்த இரும்பு கேட்டைத் திறந்தாங்க. அந்தப் பதற்றத்துலயும் ஷூவைக் கழட்டி வெளியில வெச்சாங்க. யாருக்காகக் கழட்டினாங்க? அவங்களுக்கே தெரியலை. உள்ளேயும் ஜல்லிதான், கொதிக்குது. கால் மாத்திக் கால் வெச்சு ஓடறாங்க. ரப்பர் கையுறை போட்டு ஒரு கல்லறையைக் கழுவிக்கிட்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து விசாரிச்சாங்க.

"உங்க ஆளு எந்த வரிசையில இருக்கார்?"

"வெளியில இருக்கார். உயிரோட இருக்கார்."

அந்தம்மா குழாயைத் தானே திறந்துவிட்டாங்க. "அப்ப சீக்கிரம் கொண்டு போங்க. இங்க யாருக்கும் தாகம் இல்லை."

வெளியில வந்த பூங்கோதை உடனே அவருக்குக் கொடுக்கலை. முதல் வாயைத் தானே குடிச்சாங்க. தாகத்துக்கு இல்லை. ஏதாவது ஆகணும்னா... முதல்ல எனக்கு ஆகட்டும்னு. கண்ணை இறுக மூடிக்கிட்டு ஒரே மடக்கு. அப்புறம்தான் அவர் தலையில ஊத்தி, முகத்துல ஊத்தி, கொஞ்சம் கொஞ்சமா வாயில ஊத்தினாங்க. ரொம்ப நேரம் கழிச்சு அவர் கண்ணைத் திறந்தார். கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"ஷூ எங்கடி?"

இதை என்கிட்ட சொன்னப்ப, அப்ப அந்தப் பயம் போயிடுச்சான்னு கேட்டேன். யார் சொன்னதுன்னு திருப்பிக் கேட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் அடுப்படிக்கே போனாங்களாம். இப்பவும் அந்தப் பாதையில போறாங்க. கேட்டைத் திறக்கும்போது இன்னிக்கும் நெஞ்சு படபடங்குதாம். தண்ணியையும் பிடிச்சுட்டுத்தான் வராங்க.

அறியாமையை அறிவு ஜெயிச்சதுன்னு இந்தக் கதையை நான் முடிக்கலாம். கைதட்டுவீங்க. ஆனா நடந்தது அது இல்லையே. பயம் இருந்த இடத்துலேயே இருந்தது. வெளியில உட்கார்ந்திருந்த மனுஷன் அதைவிடப் பெரிசா தெரிஞ்சார்... அவ்வளவுதான்.

நான் உங்ககிட்ட கேக்கறதும் அவ்வளவுதான். பயம் போகட்டும், அப்புறம் போடலாம்னு காத்திருக்காதீங்க. அது போகாது. பார்வைக்காகக் காத்திருக்கறவர் நம்ம ஊர்லயே இருக்கார், உயிரோட இருக்கார். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கணும்னா தாராளமா ஊத்திக்கங்க. கை நடுங்குதா? நடுங்கட்டும்...

நடுங்கின கையெழுத்தும் செல்லும்.