பின்கழுத்தைப் பார்த்தவள்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நல்ல தேநீர் எது என்று தெரியாது, இன்ஸ்பெக்டர் ஜெகதீஸ்வரன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்ததெல்லாம் கழித்துப்போட்ட தூள்தான். நீங்கள் கொடுத்த இந்தத் தேநீரும் ஏறக்குறைய அதே ருசி. பரவாயில்லை, குடிக்கிறேன். நீங்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். சாவகாசமாகவே சொல்கிறேன்.

முதலில் என் தொழிலைப் புரிந்துகொள்ளுங்கள். தேயிலைக்காட்டு ஓரத்துப் புதர்களில் பொடி உண்ணி இருக்கிறது, கண்ணுக்கு எட்டாது. அது கடித்தால் உண்ணிக்காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலின் கிருமி மனித உயிரணுவுக்குள் எப்படி நுழைகிறது, நுழைந்தபின் அங்கே எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்று பார்ப்பதுதான் இருபத்தைந்து வருடமாக என் வேலை. அது ஒரே ஒரு கதவு வழியாகத்தான் நுழைகிறது என்று நான் சொன்னேன். உலகம் ஒப்புக்கொண்டது. கொழுந்தெடுத்தவளின் மகள் தங்கம்மா, பேராசிரியர் தங்கம்மா ஆனது அந்தக் கதவினால்தான்.

ஜூலியானா, கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டும் லியோனார்டின் மகள். என்னிடம் ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். நம் மலைப் பிள்ளை என்று சேர்த்துக்கொண்டேன். டாக்டர் என்று கூப்பிடச் சொன்னேன், அவள் அக்கா என்றே கூப்பிட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். நான் பொறுமைசாலி. என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லத் தயங்கினால் அது அவர்கள் குணம்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் சிரித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க சொன்ன கதவ அடைச்சிப் பாத்துட்டேன். அப்பவும் கிருமி உள்ள போவுதுலா."

"உன் கை சுத்தம் பத்தாது," என்றேன்.

"இல்லக்கா, திரும்பத் திரும்ப செஞ்சி பாத்துட்டேன். நம்ம மலைக் கிருமிக்கு வேற வழி இருக்கு. கோலாலம்பூர் மாநாட்டுல சொல்லிடுவோம். நீங்களே சொன்னா இன்னும் நல்லாருக்கும்."

முளைத்து மூன்று இலை விடவில்லை, நான் கட்டியதை நானே இடித்துக் காட்ட வேண்டுமாம். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இது சிரித்துக்கொண்டே பாய்ந்தது. நான் அவளை வெறுத்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் எதையும் செய்கிறவள் அல்ல நான்.

மாநாட்டுக்கு முன் இன்னும் கொஞ்சம் உண்ணி சேகரிக்க, கம்போங் ராஜா ஊருக்கு மேலே ஒரு தோட்டத்துப் பழைய பங்களாவில் இரண்டு வாரம் தங்கினோம். பகலெல்லாம் எலிப்பொறி வைப்பதும் எலியின் காதிலிருந்து உண்ணியைச் சுரண்டி எடுப்பதும்தான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காட்டிலிருந்து திரும்பியதும் ஒருவர் உடலை மற்றவர் பார்த்துவிட வேண்டும். உண்ணி கடித்த இடம் பெரும்பாலும் வலிக்காது. சில நாளில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்பாகப் பொருக்குத் தட்டும். அது பின்கழுத்திலோ முடிக்குள்ளோ இருந்தால் யாராலும் தானே பார்த்துக்கொள்ள முடியாது. பொருக்கு கண்ணில் பட்டு, காலத்தோடு மாத்திரை விழுங்கினால் சாதாரணக் காய்ச்சலோடு போய்விடும்.

கடைசி நாள் மாலை அவள் பாயில் எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். பேன் பார்ப்பதுபோல் முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

"தேங்க்ஸ்கா," என்றாள்.

வீட்டுக்குப் போனதும் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. போனில் கேட்டாள்.

"எதுக்கும் மாத்திரையப் போட்டுக்கவா அக்கா?"

"நான்தான் பாத்தேனே, பொருக்கு எங்க இருக்கு? பிரிஞ்சாங் ஊரு பூரா டெங்கி. வேண்டாத மருந்தப் போட்டு ரத்தப் பரிசோதனையக் கெடுத்துக்காத."

கேட்டுக்கொண்டாள். என் பேச்சை மறுக்காமல் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அங்கிருந்த ஓர் இளம் மருத்துவரும் என்னிடம்தான் கேட்டார், உண்ணிக்காய்ச்சலாக இருக்குமோ என்று. உடம்பு முழுக்க நானே பார்த்தேன், இல்லை என்றேன். என் கட்டுரைகளைப் படித்துத் தேர்வு எழுதியவர், டெங்கிக்கே வைத்தியம் பார்த்தார். வெளியே லியோனார்ட் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கூட இருக்கீங்க டாக்டர். அது போதும்லா."

தலையசைத்தேன். பிறகு அவளுக்கு மூச்சுத் திணறியது. நுரையீரலுக்குள் அந்தக் கிருமி என்ன செய்யும் என்று இந்த நாட்டில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. அதையெல்லாம் நீங்கள் கேட்க வேண்டாம். இறந்துபோனாள்.

பெட்டியில் வைப்பதற்கு முன் தாய் டோரீன் வெள்ளை உடுப்புப் போட்டுத் தலை வாரினாள். சீப்பு எதிலோ தட்டியது. முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இது என்னா டாக்டர்? நீங்க பாத்தீங்களே."

"முடி ரொம்ப அடர்த்தி," என்றேன்.

அவள் என்னை அடிக்கவில்லை. சீப்பை என் கையில் வைத்து, "இன்னொரு தடவ பாருங்க," என்றாள். வீடு முழுக்க ஆட்கள். நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள்.

சற்றுமுன் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வயசாச்சு டாக்டர், கண்ணு ஏமாத்தியிருக்கும். கவனக்குறைவுன்னு எழுதிக்கிறேன், சைன் வச்சிட்டு வீட்டுக்குப் போங்க." கண் தெரியாத கிழவிக்குப் பாதை கடக்க உதவுவதுபோல் அன்பாகச் சொன்னீர்கள். சைன் வைத்திருக்கலாம். வேறு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அடுத்த வாரம் மாநாட்டில் பின்வரிசையில் இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள்? தங்கம்மாவுக்கு ஒரு பொருக்கைக்கூட அடையாளம் தெரியாமல் போய்விட்டது என்பார்கள்.

கவனக்குறைவு என்ற அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். வலது காதுக்குப் பின்னால், முடியை விலக்கிய உடனே கண்டேன். நடுவில் கருப்பு, சுற்றிலும் சிவப்பு. முதலாண்டு மாணவிக்கும் தெரிகிற பொருக்கு. பார்த்துவிட்டுத்தான் ஒண்ணுமில்ல என்றேன். அதன்மேல் முடியை வாரி, இறுக்கிப் பின்னியும் விட்டேன். இத்தனை வருடத்தில் என் கண் ஒருமுறைகூடப் பிசகியதில்லை, இன்ஸ்பெக்டர். அதை அப்படியே எழுதுங்கள்.