காய்ச்சல் விட்ட பிறகு

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்து அரைத்தூக்கத்தில் இருந்தேன். வெளியே தென்னைகள் பனியில் மிதந்து போயின. முன் சீட்டில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு கணவனும் மனைவியும்.

“உங்கண்ணனைக் கொன்னது கொரோனாக் கிருமி இல்லீங்க, அவரு ஒடம்பேதான்” என்றாள் மனைவி.

“காலங்காத்தால ஆரம்பிச்சுட்டயா? எனக்குத்தான் காய்ச்சல் உட்டுருச்சே.”

“அவருக்கும் உட்டுச்சு. கிருமி போன பொறவும் ஒடம்பு சண்டையை நிறுத்தல, நெஞ்சு உள்ளார வீங்கிப் போச்சுன்னு டாக்டர் சொன்னாருல்ல? சில குடும்பத்து ரத்தத்துல அது இருக்குமாம்.”

“ஒரே கொட்டாயி, ஒரே தீவனம். சளி வந்தா ஒரு கோழி சாயுது, பக்கத்துக் கோழி முட்டை போடுது. நான் முட்டை போடற கோழி புள்ள.”

“முட்டை போடற கோழிக்கு இப்பிடி மூச்சு வாங்காதுங்க.”

அவர் இருமி முடிக்க நேரமானது.

“இன்னைக்குக் குஞ்சு லாரி வருதே. நான் நின்னு எறக்காம எப்பிடி?”

“குஞ்சு எறக்க ஆளிருக்குதுங்க. எனக்கு உங்களை உட்டா ஆருங்க?”

“புதுச்சத்திரமெல்லாம் எறங்கு!” என்றார் கண்டக்டர்.

கணவர் பையுடன் பாதி எழுந்தார். கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங்க கண்டக்டர், சேலம் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க” என்றார்.