மூன்று வெடிக்குப் பின் ஒரு ஞாயிற்று விருந்து

இரண்டாவது குண்டு விழுகிறது. நிலவறைச் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது. பெய்ரூத். 1976, உள்நாட்டுச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்று பத்து. முதலில் நீளமாக ஒரு சீழ்க்கை. பிறகு தரை தூக்கிப் போடுகிறது. மேலே அடுப்பில் என் கிப்பே தட்டு கருகுகிறது. எனக்கு அதுதான் கவலை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்கிறேன்.

நான் சொர்ணம். சித்திரபுரத்துக்காரி. போடிமெட்டில் எஸ்டேட் பங்களாவில் சமைத்துக்கொண்டிருந்தேன். ஏலக்காய் வாங்க வந்த எலியாஸ் முதலாளி என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, என்னையும் என் வீட்டுக்காரர் வேலுவையும் பெய்ரூத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கறியைக் கல்லுரலில் இடித்து, உடைத்த கோதுமை சேர்த்துப் பச்சையாகவே தின்றார்கள். முதல் நாள் நான் தொடவே இல்லை. அதுதான் கிப்பே. அதையே தட்டில் பரப்பிச் சுடுவதும் உண்டு. அது பிடித்துப்போனது. மூன்று வருடத்தில் உரல் என் கைக்கு வந்துவிட்டது.

ஞாயிறென்றால் மூன்று தலைமுறையும் ஒரே மேசை. முதலாளியின் அப்பா ரொட்டியைப் பிய்த்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். அன்று முதலாளி கிடங்கில் மாட்டிக்கொண்டார். நிலவறையில் எட்டுப் பேர். கிழவர், முதலாளியின் மனைவி சல்மா, சல்மாவின் தங்கை, மூன்று பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர். இங்கேயே சாப்பிடலாம் என்றால் கிழவர் கேட்கவில்லை. ஞாயிற்றுச் சாப்பாட்டுக்கு மேசை வேண்டுமாம். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

மூன்றாவது விழுந்தது. ஒன்று பதினாறு. காது அடைத்துப்போனது. பிறகு சத்தமே இல்லை.

வேலு எழுந்தார். எங்கள் மலையில் பள்ளிவாசல் என்ற ஊர்ப் பக்கம் வெடி வைத்துப் பாறை உடைத்தவர். அங்கே எத்தனை குழியில் வெடிமருந்து வைத்தார்களோ அத்தனை வெடியை எண்ணுவார்கள். எண்ணி முடிந்தால் வெளியே வரலாம். அவருடைய ஆட்கள் எப்போதும் மூன்று குழிதான் போடுவார்கள்.

"மூணு முடிஞ்சிருச்சு புள்ள! இனி இல்ல. எல்லாரையும் மேல கூப்புடு!"

நானும் அந்தக் கணக்கிலேயே வளர்ந்தவள். இது பாறை இல்லை, எவனோ குறிவைத்து அடிக்கிறான் என்று உறைக்கவில்லை. "யல்லா! வாங்க, எல்லாம் கருகுது!" என்று கத்தினேன். என் அரைகுறை அரபி அவர்களுக்குப் பழக்கம். எழுந்து வந்தார்கள்.

நான் தட்டை எடுக்க அடுக்களைக்குப் போனேன். ஓரத்துண்டு கேட்டு என் பின்னால் ஓடி வந்தாள் நதீன், ஆறு வயதுக் கடைக்குட்டி. வாசல் வழியாகப் பார்க்கிறேன். கிழவர் ரொட்டியைப் பிய்க்கிறார். சீழ்க்கை.

"படுங்க! எல்லாரும் படு..." வேலுவின் குரல். அவ்வளவுதான்.

புகை. மேசை இல்லை. எதிர்ச்சுவர் இல்லை. கிழவரின் கை தனியாகக் கிடந்தது, விரலிடுக்கில் ரொட்டி. வேலுவைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். நதீனின் முகத்தை என் சேலைக்குள் அமுக்கிக்கொண்டேன். அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். யார் மேலே வரச் சொன்னது என்று கேட்டார். தெரியாது என்றேன். நதீன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கத்தியதை அவள் கேட்டிருந்தாள். ஊர் திரும்பிய பிறகும் யார் கேட்டாலும் அதையே சொன்னேன். பொய்.

போனவர்கள் ஆறு பேர். வேலு. கிழவர். சல்மா. அவர் தங்கை. பையன்கள் ஃபாதியும் தோனியும். ஒரு வீடு போனது. கிழவரின் தாத்தா காலத்து உரல் போனது. ஆறு பேரும் நிலவறையில் பத்திரமாகத்தான் இருந்தார்கள். மேலே கூப்பிட்டது நான்.