ஒரு பெட்டி, ஓர் உரிமம்

இந்தப் பார்லிக் கஷாயத்தில் எலுமிச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அம்மா. குறையாகச் சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் பிடிக்கும். லிமாவில் பனிமூட்டம் விலகாத மாதங்களில் தெருமுனையில் இதை ஒரு டம்ளர் குடித்த பிறகுதான் கடையைத் திறப்பேன்.

நீங்கள் அரசு வழக்கறிஞர், விதிகளோடு வாழ்கிறவர். அதனால் நான் சொல்வது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் பெயர் லியோன்சியோ தைரோ. நகர மையத்தில், கணினிக் கடைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் என் கடை. அந்த மாடியில் ‘இங்கே அசல் மட்டுமே’ என்று பலகை வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் படிக்கட்டிலேயே ஆள் நிறுத்தி, “சிஸ்டம் போடணுமா, வாங்க காசேரா, ஆன்டிவைரஸ் சும்மா தர்றோம்” என்று, முன்பின் பார்க்காதவரையும் பழைய வாடிக்கைபோலக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுப்பார்கள். என்னிடம் வருகிறவர்கள் குறைவு. ஆனால் வளாகத்தின் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். ஒரு மனிதனுக்கு அது போதும்.

பக்கத்துக் கடை ரிகோபெர்த்தோவுடையது. என் மகளின் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்றவன் அவன். அந்த உறவால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். உடன்பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு போடக் கூடாது. எங்கள் ஊர் அப்படி.

விதியைச் சொல்லிவிடுகிறேன். ஓர் உரிமத்தில் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஒரு கணினியில் போடலாம். அதே கணினியில் இரண்டு சிஸ்டம் வேண்டுமென்றால் இரண்டு உரிமம் வேண்டும். பழையதிலிருந்து புதியதற்கு மாறும் அப்கிரேடு உரிமம் வாங்கினால், பழைய உரிமம் புதியதற்குள் கரைந்துபோகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ள முடியாது. பழையது போயாக வேண்டும். கணினியோடு பிறந்த உரிமம் கணினியோடே சாகும், அதை இன்னொரு பெட்டிக்கு மாற்றக் கூடாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்கூட, பிய்த்தால் கிழிவது போலத்தான் செய்யப்பட்டிருக்கிறது. அது கிழிந்திருந்தால் யாரோ திருடப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒப்துலியா அம்மாள் முதலில் என்னிடம்தான் வந்தார். பள்ளிச் சீருடைகளுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கும் பட்டறை ஆரம்பிக்கிறார். தையல் இயந்திரத்தை ஓட்டும் புரோகிராம் பழைய சிஸ்டத்தில்தான் வேலை செய்யும். வரி அலுவலகத்துக்கு ரசீது அனுப்பப் புதிய சிஸ்டம் வேண்டும். இருப்பதோ ஒரு கணினி. அப்கிரேடு உரிமம் வாங்கி வைத்திருந்தார்.

“ரெண்டும் ஒரே பெட்டில இருந்தா என்ன இஞ்சினியர்? ஒண்ணை மூடிட்டுத்தானே இன்னொண்ணைத் திறக்கப் போறேன்?” என்று கேட்டார். எங்கள் வளாகத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவன் எல்லாருமே இஞ்சினியர்தான்.

“பழையதுக்குத் தனியா ஒரு உரிமம் வாங்கணும்மா. இல்லேன்னா அது திருட்டு.”

“பழையதை இப்ப யாரு விக்கிறா?”

யாரும் விற்பதில்லை. அது என் தவறு இல்லை. அதையும் சொன்னேன்.

நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். அதற்கு மேலாக ரிகோவின் தலை எட்டிப் பார்த்தது.

“அம்மா, நான் ரெண்டு சட்டை வெச்சிருக்கேன். ஒடம்பு ஒண்ணுதான். யாராவது என்னைப் பிடிச்சு உள்ள போட்டாங்களா? பெட்டியை இப்படி நகர்த்துங்க.”

அந்த அம்மாள் சிரித்தார். பெட்டி நகர்ந்தது. அவன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கூலிக்குப் பதிலாக ஒரு தொப்பியில் தன் பேரைத் தைத்துத் தரச் சொன்னான். அந்தத் தொப்பியைத்தான் நீங்கள் பாலிதீன் பையில் வைத்திருக்கிறீர்கள்.

கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு எடுத்துச் சொன்னேன். “உங்க விதியை எழுதினவன் எங்கேயோ வெளிநாட்டுல இருக்கான் கொம்பாத்ரே. இந்தம்மா இங்க இருக்கு” என்றான். நான் என் கடைக்குள் போய்விட்டேன்.

பட்டறைத் திறப்பு விழாவுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் எதைத் திறந்தாலும் அதற்கு ஒரு ஞானத்தந்தை வேண்டும், உங்களுக்குத் தெரியும். வாசலில் ரிப்பன் கட்டிய மதுப்புட்டியைத் தொங்கவிட்டு, அவர் ஒரு சின்னச் சுத்தியலால் அதை உடைப்பார். அந்தப் பட்டறைக்கு ஞானத்தந்தை ரிகோ. திருட்டுச் சிஸ்டம் போட்டுக் கொடுத்தவன் சுத்தியலோடு முன்னால் நின்றான். சரியான விதியைச் சொன்ன நான் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றேன்.

முதல் அடியில் புட்டி உடையவில்லை. கூட்டம் கேலி செய்தது. “ஞானத்தந்தைக்குச் சாப்பாடு போடலையா?” என்று யாரோ கத்தினார்கள். “இது அசல் புட்டி போலிருக்கு, அதான் அடம் பிடிக்குது. என் கொம்பாத்ரேயைக் கூப்பிடுங்க” என்றான் அவன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த அடியில் உடைந்தது.

பிறகு எல்லாரும் பின்கட்டுக்குப் போனார்கள். அங்கே மாட்டு நெஞ்சுக் கறியைக் குச்சியில் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு பெரிதாக வைத்திருந்தார்கள், சுவர் அதிர்ந்தது. நான் மட்டும் உள்ளே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பழைய சிஸ்டத்தை எடுத்துவிடுவது மட்டும்தான் என் எண்ணம். பழையது போயாக வேண்டும் என்று முன்பே சொன்னேன் அல்லவா.

ரிகோ உள்ளே வந்தான். கையில் அந்தச் சுத்தியல். திரையைப் பார்த்தான்.

“அதை அழிச்சா நாளைக்கு அந்தம்மா எதை வெச்சுத் தைக்கும்?”

“உரிமம் இருக்கறதை வெச்சு.”

அவன் கோபப்படவில்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்து என் தோளைச் சுற்றிக் கைபோட்டு, காதருகே குனிந்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது. பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தானே, அதே சிரிப்பு.

“சுத்தியலைக் குடுங்க கொம்பாத்ரே, பார்த்துட்டுத் தர்றேன்” என்றேன். கொடுத்தான்.

அது புட்டி உடைக்கிற சுத்தியல். தலை இரும்பு, ஆனாலும் சின்னது. அதனால் நேரமாயிற்று. முதல் அடிக்கு அவன் ஆச்சரியப்பட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். மேசையைப் பிடித்துக்கொண்டு, விளையாட்டு போதும் என்பது போல ஒரு கையைத் தூக்கினான். அந்தக் கையின் விரல்கள் முதலில் உடைந்தன. கீழே விழுந்த பிறகு நான் முழங்காலிட வேண்டியிருந்தது. என் முழங்கால் வாதத்துக்கு அது சிரமம். கைப்பிடியில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை ரிப்பன் ஒவ்வோர் அடிக்கும் என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அதன் வெள்ளைப் பாதியும் சிவப்பாகிவிட்டிருந்தது. அவன் முகம் அவனுடையதாக இல்லாமல் போன பிறகும் கொஞ்ச நேரம் அடித்தேன். பாதியில் நிறுத்திய வேலை எனக்குப் பிடிக்காது.

ஒப்துலியா அம்மாள் தட்டில் கறியும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு வந்தார். “ஞானத்தந்தை எங்க ஒளிஞ்சுட்டார், டான்ஸ் ஆட ஆள் இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பார்த்தார். தட்டு விழுந்தது. அவர் கத்தவில்லை. “இஞ்சினியர், அவரைத் தூக்குங்க, பிடிங்க” என்று என்னிடமே உதவி கேட்டார். உரிம ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, அம்மா: பொறுப்பு கணினியைப் பயன்படுத்துகிறவருடையது, போட்டுக் கொடுத்தவருடையது மட்டும் அல்ல. யாரும் அதைக் கடைசி வரை படிப்பதில்லை. அவர் கதவு வரை போய்விட்டார், தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டார். அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தேன். காவலர்கள் வந்தபோது பாதிக்கு மேல் அழிந்திருந்தது. முடியட்டும், நானே வருகிறேன் என்றேன். ஓர் இளம் காவலர் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டார். அப்படிச் செய்யவே கூடாது. அவருக்குச் சொல்லிவையுங்கள்.

இருவரையும் நான்தான் கொன்றேன். மறுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள், என் கடைப் பலகையைக் கழற்ற வேண்டாம்.

ரிகோ காதில் என்ன சொன்னான் என்று மறுபடி கேட்கிறீர்கள். கதவைத் தாண்டிப் போன எடுபிடி ஆள் ஒருவர், பாட்டு மாறிய இடைவெளியில் பாதியைக் கேட்டிருக்கிறார், இல்லையா? சரி, சொல்கிறேன்.

“உங்க கடைப் பெட்டில ஒட்டியிருக்கறது செத்துப்போன பல் டாக்டரோட ஸ்டிக்கர்னு எனக்கு அப்பவே தெரியும் கொம்பாத்ரே. யார்கிட்டயும் சொன்னதில்ல. நாமெல்லாம் ஒரே ஆளுங்கதான்.”

அதைத்தான் சொன்னான். நாமெல்லாம் ஒரே ஆட்கள் என்று.

அந்தப் பல் டாக்டரின் மனைவி, அவர் செத்த பிறகு அவருடைய கணினியிலிருந்த குடும்பப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். பெட்டி செத்துவிட்டது, உண்மைதான். ஆனால் நான் மற்றவர்களைப் போல நகத்தால் பிய்க்கவில்லை. வெப்பக்காற்றை வெகு மெதுவாகக் காட்டி, ஓரம் ஓரமாக எடுத்து என் பெட்டியில் ஒட்டினேன். நீங்களே போய்ப் பாருங்கள், ஓர் எழுத்துகூடக் கிழியவில்லை. கிழியாத ஒன்றை எப்படி அம்மா திருட்டு என்று சொல்ல முடியும்?